பொய்க்கோயில் காட்டிய மெய்க்கோயில்

மனிதன் எழுப்பிய திருக்கோயில்களுக்குப் பகை பல. மழை ஒரு பகை; நெருப்பு ஒரு பகை; போர் ஒரு பகை. ஆயினும் இவை யாவற்றினுங் கொடிய பகை ஒன்று உளது. அதுவே மறதி. நினைவுடைய மக்கள் இடிந்த கோயிலையும் மீள எழுப்பிவிடுவர். நினைவிழந்த மக்களோ நின்ற கோயிலையும் இடியவிடுவர். உலகின் பழம்பெரும் வழிபாட்டிடங்களின் வரலாற்றை ஆராய்வோர் யாவரும் இவ்வுண்மையை எளிதிற் காண்பர்.

இம் மறதியை வெல்லுதற்கு ஒவ்வொரு காலமும் தனக்கியன்ற கருவியைக் கைக்கொண்டது. தலபுராணம் பாடினர் ஒரு காலத்தார். கூத்தாடியும் கதாப்பிரசங்கம் செய்தும் ஊரைக் கூட்டினர் வேறொரு காலத்தார். பின்னர் அச்சு நூல் வந்தது, வானொலி வந்தது, திரைப்படம் வந்தது. இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்திருப்பது கணினி விளையாட்டு. சிறுவர் பொழுதை விழுங்குவதென்றும், கண்ணையும் கருத்தையுங் கெடுப்பதென்றும் பெற்றோர் அஞ்சும் அவ்விளையாட்டு, கேட்பாரற்றுக் கிடந்த பழங்கோயில்களை நோக்கிப் பல்லாயிரம் இளைஞரைப் பயணம் போகச் செய்தது என்றால் அது வியப்புக்குரியதன்றோ? அவ்வியப்பு 2024ஆம் ஆண்டில் சீன நாட்டில் நிகழ்ந்தது. அது நிகழ்ந்தவாற்றையும், அதனால் விளைந்த நன்மையையும், அதனுள் மறைந்துள்ள இடரையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆம் நாள் ‘பிளாக் மித்: வூகோங்’ என்னும் விளையாட்டு வெளியாயிற்று. ‘கேம் சயன்ஸ்’ என்னும் சீன நிறுவனம் அதனை ஆக்கியது. வெளிவந்த மூன்று நாளளவில் ஒரு கோடிப் பிரதிகள் விற்பனையாயின. விளையாட்டின் தலைவன் ஒரு வானர வீரன். கையிற் கோலேந்திய அவ்வீரன் மலையும் வனமும் பாழடைந்த விகாரைகளுங் கடந்து, அரக்கரை எதிர்த்துச் செல்கின்றான். விளையாடுவோன் அவ்வானரனாகவே மாறி அவன் காண்பனவற்றையெல்லாங் காண்கின்றான்.

அவ்வானரன் யார்? சீனர் நாவில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் பெருங்கதையின் நாயகனாகிய சுன் வூகோங் என்பவனின் வழிவந்தவன். நூறு அத்தியாயங்களைக் கொண்ட அந்நூலின் அறியப்பட்ட மிகப் பழைய பதிப்பு 1592ஆம் ஆண்டுக்குரியது. அதனை இயற்றியவர் வூ செங்என் என்பர். புத்தபிரான் பிறந்த நாட்டிலிருந்து திருமறைகளைக் கொணரச் செல்லும் துறவி ஒருவருக்குத் துணையாகக் குரங்கு ஒன்றும், பன்றி முகத்தன் ஒருவனும், ஆற்றில் வாழ்ந்த அரக்கன் ஒருவனும் உடன் செல்கின்றனர். வழியில் எண்ணிறந்த பூதங்கள் எதிர்ப்படுகின்றன. அவற்றையெல்லாம் குரங்கின் மதியும் ஆற்றலும் வெல்கின்றன. இக்குரங்குக்கு மூலம் நம் இராமாயணத்து அனுமனே என்று சீனப் பேரறிஞர் ஹூ ஷி கருதினார். அன்று, அது சீனத்திலேயே தோன்றிய பழங்கதையின் வளர்ச்சி என்றார் எழுத்தாளர் லூ சுன். அவ்வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

கதை கற்பனையாயினும் துறவி கற்பனையல்லர். அவரே நம் பாடநூல்களில் யுவான் சுவாங் எனப் பெயர்பெற்ற யாத்திரிகர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புறப்பட்டுப் பாரத நாடெங்குஞ் சுற்றி, 645ஆம் ஆண்டில் தாயகம் மீண்டவர். அவர் காஞ்சிமாநகருக்கும் வந்தார் என்பதையும், ஆங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர் காஞ்சியிற் றங்கியிருந்த வேளையில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 300 பிக்குகள் அங்கு வந்து சேர்ந்தனர். அரசன் இறந்தான், நாட்டிற் பஞ்சமும் குழப்பமும் மிகுந்தன, ஆதலால் நாடு நீங்கினோம் என்று அவர்கள் கூறினர். யுவான் சுவாங் இலங்கைப் பயணத்தைக் கைவிட்டு வேறுவழிச் சென்றார். அவர்தம் சீடர் எழுதிய வாழ்க்கை வரலாறு இச்செய்தியைத் தருகின்றது. ஆகவே இவ்விளையாட்டின் வேர், ஒரு நுனியில், தமிழ் நிலத்தையும் தொட்டு நிற்கின்றது எனின் மிகையாகாது.

இனி, விளையாட்டிற் காணப்படும் கோயில்களுக்கு வருவோம். அதனை ஆக்கியோர் தம் மனம்போன போக்கிற் கோயில்களை வரைந்து வைக்கவில்லை. சீனமெங்கும் பயணஞ் செய்து, உண்மையாகவே உள்ள விகாரைகளையும், குகைகளையும், சிலைகளையும் அளந்து பதிந்துகொண்டனர். ஒரு பொருளை எல்லாக் கோணங்களிலிருந்தும் நூற்றுக்கணக்காகப் படம்பிடித்தால், அப்படங்களில் ஒத்த புள்ளிகளைக் கணினி தானே கண்டறிந்து பொருளின் வடிவத்தைக் கணித்துவிடும். லேசர் ஒளிக்கதிரை எறிந்து, அது பட்டுத் திரும்பும் பாங்கினைக் கொண்டு தூரத்தை அளப்பது மற்றொரு முறை. இவ்வாறு பெறப்பட்ட வடிவத்தில் சிலையின் மூக்கு நுனியிலுள்ள உடைவும், தூணிற் படிந்த கறையும், ஓட்டின்மேல் முளைத்த பாசியுங்கூடப் பிசகாது இடம்பெறும். விளையாட்டிற் காட்டப்பட்ட மெய்யான தலங்கள் 36 எனவும், அவற்றுள் 27 ஷான்சி மாகாணம் என்னும் ஒரே மாகாணத்தில் உள்ளன எனவும் கணக்கிட்டுள்ளனர்.

ஒரு மாகாணத்துக்கு மட்டும் இத்துணைச் சிறப்பு வாய்த்தது யாது காரணத்தால்? ஷான்சி வடசீனத்தில் உள்ளது. மலைகள் சூழ்ந்த மேட்டு நிலம்; வறண்ட காற்று; நிலக்கரிச் சுரங்கங்களாற் பெயர்பெற்ற நாடு. அங்குள்ள பழங்கட்டடங்கள் 28,000க்கு மேற்பட்டவை. சீனத்தில் கட்டடம் என்றால் பெரும்பாலும் மரக் கட்டடமே. மரத்துக்கு ஈரமும் நெருப்பும் பகை. வறண்ட காற்று மரத்தைக் காத்தது. மலைகள் படையெடுப்பை ஓரளவு தடுத்தன. வறுமையும் ஒருவகையில் உதவிற்று. செல்வமுள்ள ஊரார் பழைய கோயிலை இடித்துப் புதிது கட்டுவர். வறிய ஊராரோ பழையதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வர். இக்காரணங்களால், வேறெங்கும் அழிந்துபோன காலத்துக் கட்டடங்கள் ஷான்சியில் எஞ்சி நின்றன. சீனத்தில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழையதாகிய நான்சான் விகாரை மண்டபம் அங்குள்ளது. அது 782ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது.

எஞ்சி நின்றமை ஒன்று, அறியப்பட்டமை மற்றொன்று. தாங் அரசர் காலத்து மரக் கட்டடம் சீனத்தில் ஒன்றேனும் மிஞ்சவில்லை, அத்தகையனவற்றைக் காண விரும்புவோர் யப்பானுக்கே செல்லல் வேண்டும் என்று யப்பானிய அறிஞர் கூறிவந்தனர். இக்கூற்றைப் பொய்யாக்கியோர் லியாங் சிசெங் என்பவரும் அவர் துணைவியார் லின் ஹுயியின் அம்மையாரும் ஆவர். இருவரும் கட்டடக்கலை அறிஞர். துன்ஹுவாங் குகைச் சுவரொன்றில் வூதாய் மலையின் புனிதத் தலங்கள் பழைய ஓவியமாகத் தீட்டப்பெற்றிருந்தன. அவ்வோவியத்தில் ‘புத்த ஒளி’ எனப் பொருள்படும் போகுவாங் விகாரையின் பெயர் காணப்பட்டது. அதனைத் துணையாகக் கொண்டு அவர்கள் 1937ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கோவேறு கழுதைகளின்மீது மலையேறினர்.

விகாரை நின்றது. பெரிய மண்டபம், அகன்ற கூரை, தூண்களின் தலையில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய பருத்த மரத் தாங்கிகள். ஆனால் ஆண்டு யாது? கூரைக்குட் புகுந்து வௌவால்களுக்கும் பூச்சிகளுக்கும் இடையே பல நாள் ஆராய்ந்தனர். உத்திரமொன்றின் அடிப்புறத்தில் மங்கிய மையெழுத்துகள் இருப்பதை லின் ஹுயியின் அம்மையாரே முதலிற் கண்டார். தூசியைக் கழுவிப் படித்தபொழுது, மண்டபங் கட்டப் பொருளுதவிய நிங் கோங்யூ என்னும் பெண்மணியின் பெயர் தெரிந்தது. அதே பெயர் முற்றத்தில் நின்ற கற்றூணிலும் காணப்பட்டது. அத்தூணில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தது. அது 857. பேரரசன் ஒருவன் 845இல் பௌத்த விகாரைகளை இடிக்கச் செய்தபொழுது அழிந்த தலம், பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு பெண்ணின் கொடையால் மீண்டும் எழுந்தது என்பது இதனாற் புலனாயிற்று. அம்மண்டபம் 1080 ஆண்டுகள் நின்று தன்னைத் தேடி வருவோரை எதிர்நோக்கியிருந்தது.

கண்டோர் மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. 1937 யூலை 7ஆம் நாள் சீன-யப்பானியப் போர் மூண்டது. அறிஞர் இருவரும் ஏதிலிகளாய்த் தென்மேற்குச் சீனத்துக்கு இடம்பெயர்ந்தனர். இடிபாடும் வறுமையும் நோயும் அவர்கள் வாழ்வைச் சூழ்ந்தன. அவர்கள் எழுதி வைத்த ஆராய்ச்சி நூல்கள் அறிஞருலகுக்குப் பெருஞ்செல்வம் ஆயின. ஆயினும் நகரத்து இளைஞருள் எத்துணைப் பேர் அவற்றைப் புரட்டினர்? எத்துணைப் பேர் போகுவாங் விகாரைக்குச் சென்றனர்? அறிஞர் அறிந்திருந்தும் மக்கள் அறியாத நிலை அரை நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது. யுன்காங் குகைகள் போன்ற பெருந்தலங்களுக்கு மட்டும் மக்கள் திரண்டனர். ஐந்தாம் நூற்றாண்டிற் குடையப்பட்டு, 51,000 சிலைகளைத் தன்னகத்தே கொண்டு, 2001ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டவை அவை. ஊர்ப்புறத்துச் சிறு விகாரைகளோ காவலாளி ஒருவரின் திறப்புக் கோவையில் அடங்கிக் கிடந்தன. அவற்றைக் கறையானும் மழையொழுக்கும் அரித்தன. சிலைத் திருடரும் விட்டுவைக்கவில்லை.

இந்நிலையிலேதான் விளையாட்டு வந்தது. வந்தபின் நிகழ்ந்ததை மூன்று தலங்களைக் கொண்டு காணலாம்.

முதலாவது, சி மாவட்டத்துச் சிறு குன்றின்மேல் உள்ள விகாரை. 1629ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்ற அதற்கு ஆயிரம் புத்தர் ஆச்சிரமம் என்பது பழைய பெயர். ‘சின்ன மேலைச் சொர்க்கம்’ எனப் பொருள்படும் சியாவோசிதியன் என்பதே மக்கள் வழங்கும் பெயர். அதன் தலைமை மண்டபம் பெரிதன்று. ஆயினும் உட்புகுந்தோர் மூச்சடைத்து நிற்பர். சுவரினின்றும் விட்டத்தினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்ணுருவங்கள் அந்தரத்திற் றொங்குவனபோல் வெளிநீண்டு நிற்கின்றன. புத்தரும் போதிசத்துவரும் இசைவாணருமாகிய அவ்வுருவங்களுட் சில விரலளவே. பொன்பூசிய அவ்வுலகம் ஓர் அறைக்குள் அடங்கியிருக்கின்றது.

இரண்டாவது, சின்செங் நகரையடுத்த யுஹுவாங் கோயில். அது தாவோ சமயத்தவருக்குரியது. அங்கே வானத்து விண்மீன் மனைகள் 28இனையும் ஆணும் பெண்ணுமாகிய மனித உருவில், ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கோடு சேர்த்து, மங்கோலியப் பேரரசர் காலத்துச் சிற்பிகள் மண்ணாற் சமைத்துள்ளனர். நாள்மீன் 27 என்று எண்ணும் நமக்கு, நிலவின் பாதையை 28 மனைகளாக வகுத்த சீனர் கணக்கு அயலாகத் தோன்றாது. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டிற் பிறந்தவர் எவரும் அம்மண்டபத்தில் அந்நியராக நிற்கார்.

மூன்றாவது, காவ்பிங் பகுதியில் உள்ள தியேபோ என்னும் இரும்புப் புத்தர் விகாரை. இது மிகச் சிறியது. பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. உள்ளே பௌத்தத்தைக் காக்கும் தேவர் 24 பேரின் உருவங்கள் சுவரோரம் நிற்கின்றன. அத்தேவர் யாவர் என்று கேட்பின் தமிழ் நேயர் உவகை கொள்வர். அக்கூட்டத்தில் வழமையாக இடம்பெறுவோர் பிரமன், இந்திரன், மகேசுவரன், சரசுவதி, இலக்குமி, சூரியன், சந்திரன், யமன் ஆகியோர். வெய்துவோ என்னும் இளங்காவலனும் அவர்களுள் ஒருவன். அப்பெயர் கந்தன் என்னும் பெயரின் திரிபாகலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. பௌத்தத்தோடு மலை கடந்து சென்ற நம் தெய்வங்கள், சீன உடையும் சீன முகமும் பெற்று, பூட்டிய கதவின் பின்னே நிலக்கரி நாட்டில் நின்றுகொண்டிருக்கின்றன.

விளையாட்டு வெளியான சில நாள்களிலேயே இத்தலங்களுக்கு இளைஞர் வரத் தொடங்கினர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்துத் தேசிய விடுமுறையில் சிறு விகாரைகளின் வாயிலிலும் நெடிய வரிசைகள் நின்றன. மாகாண அரசினரும் வாய்ப்பை நழுவவிடவில்லை. ‘வூகோங்கைப் பின்தொடர்ந்து ஷான்சியைக் காண்போம்’ என்று அழைப்பு விடுத்து, 27 தலங்களையும் இணைக்கும் பயண வழிகளை வகுத்தனர். தலந்தோறும் முத்திரை பதித்து ஏட்டிற் சேர்க்கும் வழக்கம் இளையோரிடையே பரவியது. பூட்டியிருந்த தியேபோ விகாரையின் கதவும் திறந்தது. போகுவாங் விகாரையின் கூரையின்கீழ் நின்று, லின் ஹுயியின் அம்மையார் கண்ட எழுத்து எங்கேயென்று கேட்கும் மாணவரும் தோன்றினர்.

ஏட்டறிவு பல்லாண்டாகச் செய்ய முயன்று இயலாததை ஒரு விளையாட்டு சில வாரங்களிற் செய்துவிட்டது என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. அறிஞர் தேடிக் கண்டு, ஆண்டு கணித்து, அரசைக் கொண்டு காத்திராவிடின், அளந்து பதிதற்கு விளையாட்டாளருக்கு யாது எஞ்சியிருக்கும்? விளக்கை ஏற்றியோர் அறிஞர். அதனை மாடத்தினின்றும் எடுத்து வீதியில் வைத்தோர் விளையாட்டாளர். இரண்டும் வேண்டும்.

மேலும், இது முற்றிலும் புதுமையுமன்று. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயம் இதற்கு ஏற்ற சான்று. பிரெஞ்சுப் புரட்சியிற் சூறையாடப்பட்டு, சிலகாலம் பண்டசாலையாகவும் பயன்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சிதைந்து நின்றது. 1831இல் விக்டர் ஹியூகோ அப்பேராலயத்தையே களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். மக்கள் நாவலைப் படித்தனர்; பின்னர் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தனர். திருத்த வேண்டும் என்னும் குரல் எழுந்தது. 1844இல் இலசூசு, வியோலே லெ தூக் என்னுங் கட்டடக்கலைஞர் இருவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அதன் புகழ்பெற்ற ஊசிக்கோபுரம் 1859ஆம் ஆண்டில் எழுந்தது. நாவல்கள் இளைஞரைக் கெடுப்பன என்று அக்காலப் பெரியோர் பலர் அஞ்சினர் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

அதே பேராலயம் 2014ஆம் ஆண்டில் ஒரு கணினி விளையாட்டினுட் புகுந்தது. புரட்சிக்காலப் பாரிசைக் காட்டும் அவ்விளையாட்டிற் பேராலயத்தின் சிற்பமும் சாளரமும் மிக நுட்பமாக அமைக்கப்பெற்றன. ஆயினும் வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க பிழை ஒன்று அதில் உளது. 1859இல் எழுந்த ஊசிக்கோபுரம் 1789ஆம் ஆண்டளவிலான காட்சிகளிலும் நிற்கின்றது! மக்கள் கண்ணுக்குப் பழகிய வடிவத்தையே விளையாட்டாளர் விரும்பினர். 2019 ஏப்ரல் 15ஆம் நாள் பேராலயத்தின் கூரை எரிந்து, அவ்வூசிக்கோபுரம் சரிந்தது. விளையாட்டு நிறுவனம் 500,000 யூரோ உதவியதோடு, விளையாட்டையும் ஒரு வாரம் இலவசமாக வழங்கியது. அவ்வேளையில், இவ்விளையாட்டைக் கொண்டே பேராலயத்தை மீளக் கட்டப்போகின்றனர் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அது வெறும் வதந்தி. விளையாட்டுக்கென ஆக்கிய வடிவத்தில் அழகுக்காகச் செய்த மாற்றங்கள் பல. மெய்யான மீட்புப் பணிக்குத் துணைநின்ற அளவைகளுள், அண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் தீ விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே லேசர் கொண்டு எடுத்துவைத்தவை குறிப்பிடத்தக்கன. அவர் 2018இல் மறைந்தார். தம் உழைப்பின் பயனைக் காணவில்லை. 2024 டிசெம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இச்செய்தி நமக்கு ஓர் எச்சரிக்கை. விளையாட்டு ஆவலைத் தூண்டும், ஆதாரம் ஆகாது. அதிற் கண்டதையே வரலாறென்று கொள்வோன், 1789இல் ஊசிக்கோபுரத்தைக் கண்டவனாவான்.

இடர் இதனோடு முடியவில்லை. வழிபாட்டிடம் என்பது வெறுங் கட்டடமன்று. இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறத்தைத் துப்பாக்கிச் சண்டைக்குக் களமாக்கிய ஒரு விளையாட்டு 2007இற் பெருங் கிளர்ச்சியை எழுப்பியது. துப்பாக்கி வன்முறையால் இளைஞர் பலரை இழந்த நகரம் அது. மைந்தரை இழந்தோருக்கு ஆறுதல் கூறும் திருச்சபை, தன் ஆலயமே கொலைக்களமாகக் காட்டப்பட்டதைக் கண்டு வெகுண்டது. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் ஈற்றில் மன்னிப்புக் கோரியது. யப்பானில் 2016இல், கைத்தொலைபேசியில் மாயப் பிராணிகளைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு நாடெங்கும் பரவியபொழுது, பழம்பெரும் இசுமோ திருக்கோயில் தன் எல்லைக்குள் அதனைத் தடை செய்தது. திருமுன் நிற்பவன் தலை நிமிர்ந்து வணங்க வேண்டியிருக்க, கைக்கருவியைக் குனிந்து பார்த்து நின்றால், அவன் வந்தும் வராதவனே.

ஷான்சியிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. யுன்காங் போன்ற கற்குகை பெருங்கூட்டத்தைத் தாங்கும். சிறு மண்டபத்து மண்ணுருவம் தாங்குமா? கூட்டத்தின் மூச்சிலுள்ள ஈரம் பொற்பூச்சை உரிக்கும். முதுகிற் றொங்கும் பை விரலளவுச் சிலையை முறிக்கும். 1056இல் எழுந்து 67 மீற்றர் உயர்ந்து நிற்கும் யிங்சியன் மரத் தாதுகோபத்தின் மேல்நிலைகள், அது சாய்ந்துவருவதால் மக்களுக்கு மூடப்பட்டுள்ளன. விளையாட்டில் உடைந்ததை மீண்டும் முளைக்கச் செய்யலாம். மெய்யான விகாரையில் உடைந்தது உடைந்ததுதான். காணவேண்டும் என்னும் ஆவலும் காக்கவேண்டும் என்னும் கடனும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. வருவோர் தொகையை அளவாக்கி, சிலைக்கும் மனிதருக்கும் இடையே தூரம் வைத்து, திரட்டிய பொருளில் ஒரு பங்கைக் கூரை ஓட்டுக்கும் மரத் தூணுக்கும் செலவிடும் ஊரே இவ்வாவலால் நன்மை பெறும். வாயிலிற் கடை விரிப்பதோடு நின்றுவிடும் ஊரோ, ஆவல் அடங்கியபின் மறதியையும் குப்பையையும் மட்டுமே பெறும்.

‘மேற்றிசைப் பயணம்’ இக்கேள்விக்குத் தானே ஒரு கதை வைத்திருக்கின்றது. அந்நூலில் ‘சின்ன மேலைச் சொர்க்கம்’ என்பது ஒரு பொய்த்தலத்தின் பெயர். மஞ்சட் புருவ அரக்கன் ஒருவன் மாயையால் விகாரை ஒன்றை எழுப்பி, தானே புத்தராக வீற்றிருக்கின்றான். நெடுவழி நடந்து களைத்த துறவி, இதுவே தாம் தேடிவந்த புனித மலை என்று மயங்கி விழுந்து வணங்குகின்றார். வானரன் மட்டும் அது பொய்யென உணர்கின்றான். விளையாட்டின் ஒரு பகுதி இவ்வரக்கன் கதையையே கூறுகின்றது. ஆயின் அதே பெயர் தாங்கிய மெய்யான விகாரை சி மாவட்டத்துக் குன்றின்மேல் நிற்கின்றது. பொய்த்தலத்தை மெய்யென மயங்கினார் கதைத் துறவி. இன்றைய இளைஞனோ பொய்த்தலத்தைப் பொய்யென்று அறிந்தே கண்டு, மெய்த்தலம் எங்குள்ளதென்று கேட்டு, புகைவண்டியேறிச் செல்கின்றான். அவ்வாறு செல்லுமளவும் விளையாட்டாற் றீங்கில்லை. திரையிற் கண்டதே போதும் என்று இருந்துவிட்டானாயின், அவனும் அத்துறவியைப் போல இடைவழியில் வணங்கி நின்றவனே.

தொலைவிற் கண்ட ஒரு சிறு பொருள் மெய்யான இடத்தை நோக்கி உள்ளத்தை இழுக்கவல்லது என்பதற்கு இலங்கையே பழஞ்சான்று தருகின்றது. யுவான் சுவாங்குக்கு இரு நூற்றாண்டு முன், ஷான்சிப் பகுதியிற் பிறந்த பாகியன் என்னும் துறவி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அபயகிரி விகாரையிற் பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவின் முன், வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டார். தாய்நாட்டை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன; உடன் வந்தோருட் சிலர் மாண்டனர், சிலர் பிரிந்தனர். விசிறியைக் கண்டதும் அவர் கண்கள் நீர் சொரிந்தன. விசிறி சீன நாடு ஆகாது. ஆயினும் அது சீன நாட்டை நினைப்பித்தது. அவர் பின்னர் கப்பலேறித் தாயகம் மீண்டார்; தாம் கண்டவற்றை எழுதிவைத்தார்; இலங்கை வரலாற்று மாணவர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர்.

விளையாட்டுக்கும் சமயத்துக்கும் பகையென்று நம் முன்னோரும் எண்ணவில்லை. பாம்பும் ஏணியும் வரைந்து, நல்வினையால் ஏறி, தீவினையால் இறங்கி, ஈற்றிற் றிருவடி சேரும் பரமபத விளையாட்டை வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடியோர் அவர்களே. கருவி மாறியது, காலம் மாறியது. விளையாடி முடிந்தபின் எழுந்து சென்று, மெய்யான கோயிலின் வாயிலில் நின்று, இதைக் கட்டியவர் யார், எப்பொழுது, எதற்காக என்று கேட்கும் பிள்ளையை உருவாக்குவது பெற்றோரின் கடன், ஆசிரியரின் கடன். கேட்கும் பிள்ளைக்கு விடைகூறத் தக்க அறிவும், காட்டத் தக்க கோயிலும் எஞ்சியிருக்கச் செய்வது ஊராரின் கடன்.